ஏ.ஆர். பதிவேட்டில் விழும் முதல் வரி

புதுச்சேரி–கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்தைக் கடக்கப் பேருந்துக்குச் சில நிமிடம் போதும். அடிபட்டவருக்கு உடனே வேண்டியதெல்லாம் அந்தத் தூரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஊரில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பக்கத்துப் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கூடவே ஒரு காவல் நிலையம். தெற்கே கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். பாகூர் கொம்யூன் கிராமங்களும் கடலூர் மாவட்டக் கிராமங்களும் வயலும் வாய்க்காலுமாக ஒன்றையொன்று உரசிக் கிடக்கின்றன. வில்லியனூர் பக்கம் போனால் விழுப்புரம் மாவட்டத்தோடு அதே கதை. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் எந்த அரசின் எல்லைக்குள் ஓடுகிறோம் என்று பார்ப்பதில்லை. அவசரப் பிரிவு மேசையில் திறந்து கிடக்கும் பதிவேடு அதைப் பார்த்தாக வேண்டும்.

அந்தப் பதிவேட்டை இந்த வட்டாரத்தில் ஏ.ஆர். என்பார்கள், ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். பெயர் விபத்தென்றாலும் அடிதடி, தீக்காயம், விஷம், தூக்கு என்று போலீஸுக்குப் போகக்கூடிய எதுவும் அதில் ஏறும். பெயர், வயது, முகவரி, மச்சமோ தழும்போ இரண்டு அங்க அடையாளம், கொண்டுவந்தவர் யார், வந்த நேரம், எப்படி அடிபட்டது, உடம்பில் என்னென்ன காயம். பெரும்பாலும் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் ஒருவர், அடுத்த ஸ்ட்ரெச்சர் உள்ளே வருவதற்குள் இதை எழுதி முடிக்கிறார். அதன் நகல் பிறகு காவல் நிலையத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் செஷன்ஸ் கோர்ட்டுக்கும் போய்ச் சேரும். எழுதியவர் அதற்குள் மேற்படிப்பு முடித்து வேறு மாநிலத்தில் இருப்பார்.

முதலில் உயிர், பிறகு காகிதம் என்பதில் சட்டத்துக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஸ்கூட்டரில் போனவரைக் கார் மோதியது. கொண்டுபோன மருத்துவமனை, இது போலீஸ் கேஸ், எங்களுக்கு அனுமதியில்லை என்று 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொன்றுக்கு அனுப்பியது. வழியிலேயே அவர் இறந்தார். பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியைக் கையிலெடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 1989 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை. எந்தச் சட்ட நடைமுறையும் அதற்குக் குறுக்கே நிற்க முடியாது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவு, பாலியல் குற்றத்துக்கோ ஆசிட் வீச்சுக்கோ ஆளானவருக்குச் சிகிச்சை மறுக்கும் மருத்துவமனையின் பொறுப்பாளரை ஓராண்டு வரை சிறைக்கு அனுப்பும்.

கட்டாரா தீர்ப்பு காகிதத்தைத் தள்ளித்தான் வைத்தது. அந்தக் காகிதம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி ஏழு ஆண்டு கழித்து வந்தது. 1992 ஜூலை 8 இரவு, மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஹக்கீம் ஷேக்கை கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. ஒன்றில் படுக்கை இல்லை, ஒன்றில் வசதி இல்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுத்தது. அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. விசாரணைக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, அவசரப் பிரிவுப் பதிவேட்டில் வந்த நேரம், பரிசோதித்த நேரம், அனுமதித்த நேரம் தனித்தனியாக இருக்க வேண்டும், எங்கே மாற்றி அனுப்பப்பட்டார் என்பது இருக்க வேண்டும், பார்த்த மருத்துவர் யாரென்று அடையாளம் காணும்படி இருக்க வேண்டும் என்று அங்கே விவரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ‘பார்த்து அனுப்பினோம்’ என்று வாயால் சொல்வது செல்லாது என்பதுதான் அதன் பொருள்.

பதிவு இல்லாமை ஆபத்து என்பது எல்லா மருத்துவருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்து வேண்டாத பதிவில் இருக்கிறது என்பதைக் கோர்ட்டுக் கூண்டில் நிற்கும்போதுதான் பலரும் தெரிந்துகொள்கிறார்கள்.

சாலை விபத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பேச்சுக்கு, கன்னியக்கோயில் தாண்டி இரவில் ஒருவர் பைக்கோடு விழுந்து கிடக்கிறார். 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கொண்டுவருகிறார்கள். அவர் நினைவோடு இல்லை. மோதியதைப் பார்த்தவர் யாரும் கூட வரவில்லை. மருத்துவர் கேட்கிறார், ஊழியர் ‘ஸ்கிட் ஆகி விழுந்துட்டார்போல’ என்கிறார். பதிவேட்டில் ‘பைக்கிலிருந்து தானாக விழுந்தார்’ என்று ஏறிவிடுகிறது. அந்தப் ‘போல’ எழுத்தில் இல்லை. மூன்றாம் நாள் நினைவு திரும்பியவர் பின்னாலிருந்து லாரி இடித்தது என்கிறார், எஃப்.ஐ.ஆரும் அப்படியே பதிவாகிறது. இரண்டு ஆண்டு கழித்துத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் நீட்டுவது ஏ.ஆர். காப்பியைத்தான். தானாக விழுந்தவருக்கு லாரியின் இன்சூரன்ஸ் ஏன் பணம் தர வேண்டும்?

கம்பெனிகளின் சந்தேகத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் இல்லாத விபத்துகளுக்கு இழப்பீடு கேட்டுக் குவிந்த மனுக்களை விசாரிக்க அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-இல் சிறப்புப் புலனாய்வுக் குழுவே போட்டது. ஆகவே இரண்டு பக்கமும் நம்ப ஏதுவாக மருத்துவர் எழுத வேண்டியது மிகச் சிறியது: சொன்னவர் யார், அவர் சொன்னது என்ன, நோயாளி பேசும் நிலையில் இருந்தாரா. ‘நோயாளிக்கு நினைவில்லை, விழுந்து கிடந்தவரைக் கொண்டுவந்ததாக 108 ஊழியர் சொன்னார், எப்படி விழுந்தார் என்பது அவருக்குத் தெரியவில்லை’ என்று எழுத அரை நிமிடம் கூடுதலாக ஆகும். கொண்டுவந்தவர் வழிப்போக்கராக இருந்தால் அவர் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று மேசையில் இருப்பவர் மல்லுக்கட்ட முடியாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதையொட்டி 2020-இல் வந்த விதிகளும் உதவியவரை அப்படிக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கின்றன.

விபத்து நடந்த இடம் என்ற கட்டத்துக்கும் இங்கே தனி எடை உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. ஒன்றிய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் நாடு முழுதும் அறிவிக்கப்பட்டது; 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. அதன் முன்னோட்டம் நடந்த சில இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. முள்ளோடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது எந்தத் திட்டம், எந்தக் காவல் நிலையம் என்ற இரண்டு கேள்விக்கும் விடை. எல்லைக் குழப்பத்தால் புகாரே பதிவாகாமல் போகும் பழைய வழக்கத்துக்கு 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு முடிவு கட்டப் பார்க்கிறது: குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மருத்துவமனையிலிருந்து போகும் ‘போலீஸ் இன்டிமேஷன்’ எந்த நிலையத்துக்கு, எத்தனை மணிக்கு, யார் கையெழுத்தில் போனது என்பது பதிவில் இல்லையென்றால் இந்தச் சலுகையாலும் பயனில்லை.

அடுத்தது மது வாடை. புதுச்சேரிக்குச் சரக்குக்காகவே வண்டி ஏறி வருகிறவர்கள் திரும்பும் சாலை இது என்பதால் இந்த வரி இங்கே அடிக்கடி விழும். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவுக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வேண்டும். ரத்தம் எடுக்காமல் வாடையை மட்டும் எழுதிவிட்டால் அதற்கு மதிப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதி எரிந்தது. ஓட்டியவரின் மருத்துவப் பரிசோதனையில் மது வாடை குறிக்கப்பட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு எதுவும் இல்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் அதைக் காரணம் காட்டிக் கார் உரிமையாளருக்குச் சாதகமாகச் சொன்னது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. பரிசோதனை இல்லாவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளோடு சேர்த்து, குடித்திருந்தார் என்ற முடிவுக்கு வரலாம். கம்பெனி பணம் தர வேண்டியதில்லை.

போர்ஷேக்காரருக்கு அது ஒரு கார். பாகூர்ப் பக்கத்துக் கூலித் தொழிலாளிக்கு அதே வரி, குடும்பத்துக்கு வரவேண்டிய தனிநபர் விபத்துக் காப்பீடு. வாடை இருந்தால் எழுதத்தான் வேண்டும், மறைப்பது தவறு. ஆனால் ‘குடிபோதையில் இருந்தார்’ என்பது முடிவு. ‘மூச்சில் மது வாடை, பேச்சு தெளிவு, நடை பார்க்க இயலவில்லை, ரத்தம் எடுத்து அனுப்பப்பட்டது’ என்பது பார்த்தது. தலையில் அடிபட்டவர் உளறுவதும் குடித்தவர் உளறுவதும் ஒன்றுபோலவே கேட்கும். போதை என்று எழுதிவிட்டு ஸ்கேனைத் தள்ளிப்போட்டு, மண்டைக்குள் ரத்தக் கசிவைத் தவறவிட்டால் அந்த ஒற்றைச் சொல்லே மருத்துவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

அடிதடி கேஸ்களில் சிக்கல் வேறு மாதிரி. ‘தெரிந்த நபர்கள் நான்கு பேர் கட்டையால் அடித்ததாக’ என்று ஏ.ஆரில் இருக்கும். எஃப்.ஐ.ஆரில் ஆறு பேர், அரிவாள். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரிக்கும் வித்தை தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளுக்குப் பழகிய ஒன்று. அடித்தவர் பெயரைக் கேட்டு எழுதுவது மருத்துவரின் வேலையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே, ஆந்திராவின் பட்டிபாட்டி வெங்கய்யா வழக்கில் சொல்லிவிட்டது. குற்றம் செய்தவர் யார் என்பதில் மருத்துவருக்கு அக்கறை இல்லை. உயிரைக் காப்பாற்றுவதும் போலீஸுக்குத் தகவல் சொல்வதும்தான் அவர் கடமை. இருந்தும் தலைகளை எண்ணும் பழக்கம் போகவில்லை.

மருத்துவர் எண்ண வேண்டியது காயங்களை. நீளம், அகலம், ஆழம், இடமா வலமா, வெட்டா கிழிசலா. பிறகு கொடுக்கும் வூண்ட் சர்டிபிகேட்டில் ‘சாதாரணம்’, ‘கொடுங்காயம்’ என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதிரிக்குக் கிடைக்கும் தண்டனையே மாறுகிறது. எலும்பு முறிந்தாலோ, பல் உடைந்தாலோ கொடுங்காயம். கடும் வலியோ வழக்கமான வேலை பார்க்க முடியாத நிலையோ நீடித்தாலும் கொடுங்காயம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் அதற்கு 20 நாள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவில் 15 நாள். பழைய படிவத்தைப் பழைய கணக்கோடு நிரப்பினால் ஐந்து நாள் வித்தியாசத்தில் ஒரு குற்றவாளி தப்பலாம். எக்ஸ்ரே வருவதற்குமுன் போலீஸ்காரர் அவசரப்படுத்துகிறார் என்று ‘சாதாரணம்’ எழுதிவிட்டுப் பிறகு திருத்துவதைவிட, ‘எக்ஸ்ரே முடிவுக்குப் பின் கருத்து’ என்று நிறுத்திவைப்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

போலீஸே ஆளைக் கொண்டுவந்தால்? 2020 ஜூன் 20 அன்று சாத்தான்குளம் அரசு மருத்துவமனைக்கு ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கொண்டுவரப்பட்டு, காவலில் வைக்க உடல் தகுதி உண்டு என்ற சான்றோடு மாஜிஸ்ட்ரேட்டிடம் போனார்கள். அங்கிருந்து கோவில்பட்டிக் கிளைச் சிறை. மூன்று நாளில் இருவரும் உயிரோடு இல்லை. நாட்டையே உலுக்கிய அந்த வழக்கில் போலீஸின் லத்தி பேசப்பட்ட அளவுக்கு அந்தச் சான்று பேசப்படவில்லை. கைதானவரைப் பரிசோதிக்கும் மருத்துவர், உடம்பில் உள்ள காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும், அதன் நகல் கைதானவருக்கே கொடுக்கப்பட வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. துணியை அகற்றிப் பார்க்காமல் ‘தகுதி’ என்று ஒரு சொல் எழுதுகிறவர் அந்தப் பிரிவைப் படித்ததில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

தீக்காயத்தோடு வருகிறவரின் மரண வாக்குமூலத்தில் ஒரு சொல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு இரண்டு தீர்ப்புகள். 1999-இல் பாப்பரம்பாக ரோசம்மா வழக்கில், வாக்குமூலத்தின் கீழ் மருத்துவர் நோயாளிக்கு ‘சுயநினைவு இருந்தது’ என்று சான்று எழுதியிருந்தார். சுயநினைவு வேறு, வாக்குமூலம் தரும் மனத்தெளிவு வேறு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வாக்குமூலத்தை ஏற்கவில்லை. 2002 ஆகஸ்டில் ஐந்து நீதிபதிகள் அமர்வு லக்ஷ்மண் எதிர் மகாராஷ்டிரா வழக்கில் இதை மாற்றியது: சான்றே இல்லாவிட்டாலும், பதிவு செய்தவருக்கு நோயாளியின் மனத்தெளிவு குறித்துத் திருப்தி இருந்தால் போதும். சட்டம் தளர்ந்தது நல்லதுதான். ஆனாலும் ‘பெயர், இடம், நாள் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார், மாலை 6.40 முதல் 7.05 வரை தெளிவாக இருந்தார். இந்த மருந்து இத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது’ என்று எழுதிய மருத்துவரைக் குறுக்கு விசாரணையில் ஆட்டுவது கடினம்.

வயல்காட்டு ஊர்களில் அவசரப் பிரிவு மருத்துவருக்கு வரும் நெருக்கடி இன்னொன்று. பூச்சிமருந்து குடித்த பெண்ணைக் கொண்டுவரும் தகப்பன், ‘தெரியாமக் குடிச்சிடுச்சின்னு எழுதுங்க டாக்டர், கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு’ என்று கையைப் பிடிப்பார். போலீஸுக்குச் சொல்லாதீர்கள் என்பார். எம்.எல்.சி. எனப்படும் மருத்துவ-சட்ட வழக்காகப் பதிய நோயாளியின் சம்மதமோ உறவினரின் சம்மதமோ வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியை முன்பு தண்டித்த, பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு புதிய நியாய சன்ஹிதாவில் அப்படியே இடம்பெறவில்லை. 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளச் சொல்கிறது. இதை அந்தத் தகப்பனிடம் இரண்டு வாக்கியத்தில் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். சொல்லாமல் இரக்கப்பட்டு ‘தவறுதலாக’ என்று எழுதுகிறவர், நாளை அந்தப் பெண் இறந்து, அதற்குப் பின்னால் வன்முறை இருந்தது என்று தெரியவந்தால், சாட்சியத்தை மறைத்தவராக நிற்பார்.

நோயாளி சொல்வதைக் கேட்டு எழுதுவது ஓர் ஊரையே காப்பாற்றலாம். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் புதுச்சேரி மருத்துவமனைகளுக்கும் வந்தார்கள். 2024 ஜூனில் அதேபோலக் குடித்தவர்கள் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கள்ளக்குறிச்சிச் சம்பவத்தில் மொத்தம் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் சாராயம் காரணமில்லை என்று மறுத்தது. ‘வயிற்றுவலி, வாந்தி’ என்று மட்டும் எழுதிய ஓ.பி. சீட்டு அப்படிப்பட்ட மறுப்புக்குத் துணை போகும். ‘நேற்று இரவு பாக்கெட் சாராயம் குடித்ததாகச் சொல்கிறார், காலையிலிருந்து பார்வை மங்கல்’ என்று எழுதிய சீட்டு துணை போகாது.

எழுதியது படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதைக்கூடக் கோர்ட்டு சொல்ல வேண்டியிருக்கிறது. 2018-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் புரியாத காய அறிக்கைகளுக்காக மூன்று மருத்துவர்களுக்குத் தலா 5,000 ரூபாய் அபராதம் போட்டது. 2024 ஜனவரியில் ஒரிசா உயர் நீதிமன்றத்தில் ஒரு தகப்பன், பாம்பு கடித்து இறந்த மகனுக்கு அரசு தரும் உதவித்தொகை கேட்டு நின்றார். பிரேதப் பரிசோதனை அறிக்கையை நீதிபதியால் படிக்க முடியவில்லை. எழுதிய மருத்துவரே காணொலியில் வந்து தம் எழுத்தைத் தாமே படித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

அப்படி வர எல்லோராலும் முடியாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்களும் முதுநிலை மாணவர்களும் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். அரசு மருத்துவ அலுவலர் எழுதிய அறிக்கை சாட்சியமாகும்போது அவர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ இருந்தால், அந்தப் பதவியில் இப்போது இருப்பவர் வந்து சாட்சி சொல்ல நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவு வழிசெய்கிறது. தாம் பார்க்காத நோயாளியைப் பற்றி அவரிடம் இருக்கப்போவது அந்தத் தாள் மட்டும்தான். அதில் மேலெழுத்தும் வொயிட்னரும் இருந்தால் அவர் என்ன விளக்கம் சொல்ல முடியும்? தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்து போடுவது பழைய கணக்குப்பிள்ளைகளுக்கே தெரிந்த முறை. நோயாளி இறந்தபின் உட்கார்ந்து கேஸ் ஷீட்டை ‘முழுமையாக்குகிற’ வேலை பெரும்பாலும் பிடிபடும். ஏனென்றால் நர்ஸ் குறிப்பிலும் மருந்தகச் சீட்டிலும் ஆய்வகப் பதிவிலும் நேரம் வேறாக இருக்கும். கணினிப் பதிவில் இன்னும் சுலபமாகப் பிடிபடும். அதைச் சாட்சியமாக வைக்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி பொறுப்பாளர் சான்றும் நிபுணர் சான்றும் வேண்டும். கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணும் அதில் இருக்கும்.

நோயாளிக்கு நகல் கேட்கும் உரிமை உண்டு என்பது ஊர்ப்பக்கம் பலருக்குத் தெரியாது. 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைக் கொடுக்கச் சொல்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த புதிய விதிகளை அதே மாதம் நிறுத்தி வைத்துவிட்டதால் பழையவையே இன்றும் செல்லும். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அவற்றில்தான் இருக்கிறது. ஏ.ஆர். சம்பந்தப்பட்டவற்றை வழக்கு முடியும்வரை வைத்திருப்பதே விவேகம். வழக்கு எப்போது முடியும் என்பதற்கு எழும்பூர் ஓர் அளவு. 1996 செப்டம்பரில் அங்குள்ள அரசு மருத்துவமனையிலிருந்து குறைமாதக் குழந்தை ஒன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டது. கண் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று 1 கோடியே 38 லட்சம் ரூபாயும், அதுவரை ஆன சிகிச்சைச் செலவு 42 லட்சத்துக்கு மேலும் தரச் சொன்னது. நீதிபதிகள் முன்னால் இருந்த சான்றுகளில் ஒன்று, 19 ஆண்டுக்குமுன் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி. பெற்றோருக்கான எச்சரிக்கை எதுவும் அதில் இல்லை என்பதைத் தீர்ப்பு குறித்திருக்கிறது.